பக்கவாதம் வந்த கையில் மட்டும் மூட்டு வீக்கம் இல்லை, ஏன்?

தேனி மலர்

வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயது. ஊரில் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதம் பல வருஷமாக இருக்கிறது. வாரம் ஒருநாள் மெதோட்ரெக்ஸேட், மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட், வலி கூடினால் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. எப்போது வீங்கினாலும் இரண்டு கை முட்டிகளும் ஒரே மாதிரிதான் வீங்கும். போன ஐப்பசியில் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு தேறி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். கை இன்னும் வரவில்லை.

எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் கவனித்தேன். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் எப்போதும் போல பொதபொதவென்று, தொட்டால் சூடாக இருக்கின்றன. இடது கையில் அந்த வீக்கமே இல்லை. முட்டி எலும்பு தனித்தனியாகத் தெரிகிறது. முன்பு சோப்பு போட்டும் கழற்ற வராத மோதிரம் இப்போது தானாக நழுவுகிறது. ஓ.பி.யில் டாக்டரிடம் காட்டினேன். "அப்படி ஆவது உண்டும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். வெளியே அவ்வளவு கூட்டம், அவரைக் குறை சொல்ல முடியாது.

வேலை கொடுக்காததால் வீங்கவில்லை என்கிறாள் அக்கா. ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்கிறார் மாமா. எனக்கு இரண்டுமே முழுசாகப் பிடிபடவில்லை. முடக்குவாதம் எதிர்ப்புசக்தி சம்பந்தப்பட்ட நோய் என்கிறார்கள், ஸ்ட்ரோக் மூளை சம்பந்தப்பட்டது. மூளையில் அடிபட்டால் மூட்டு வீக்கம் ஏன் வடிய வேண்டும்?

இன்னொன்றும் கேட்கணும். யூடியூபில் ஒருவர் காதில் மாட்டும் கிளிப் கருவி விற்கிறார். வேகஸ் நரம்பைத் தூண்டி முடக்குவாதத்தை நிறுத்தும் என்கிறார். விலை பதினெட்டாயிரம். தம்பி வாங்கிவிடலாம் என்று நிற்கிறான். வீட்டில் டென்ஷன் என்றால் அம்மாவுக்கு மறுநாளே மூட்டு வலி ஏறுவதைப் பார்த்திருக்கிறோம், அதனால் நரம்புக்கும் இதற்கும் ஏதோ இருக்கிறது என்று எனக்கும் ஒரு எண்ணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலூர் சேகர்

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் பார்த்தது நிஜம். பக்கவாதம் வந்த முடக்குவாதக்காரர்கள் சிலரிடம் நானும் பார்த்திருக்கிறேன். இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பியவருக்குப் பிற்காலத்தில் முடக்குவாதம் வந்தால், அந்தக் காலை விட்டுவிட்டு நல்ல காலில் மட்டும் வீங்கியதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. செயலிழந்த கையின் புறங்கை திடீரென்று உப்பி, தோல் பளபளத்து, தொட்டாலே கத்துகிற மாதிரி வலி வந்து, தோளும் இறுகினால் அது முடக்குவாத வீக்கம் அல்ல. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சிலருக்கு வரும் வேறு ஒரு தொல்லை. உடனே காட்டுங்கள். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது முழங்கைக்கடியில் தலையணை கொடுங்கள்.

எங்கள் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு நரம்பையும் எதிர்ப்புசக்தியையும் பற்றிப் பாடம் எடுத்தது தொழுநோய். அந்தக் கிருமி நரம்பின் உறை செல்களுக்குள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும். நரம்பைக் கெடுப்பதில் பெரும்பங்கு கிருமியைப் பிடிக்க வருகிற எதிர்ப்புசக்திக்குத்தான். "ரியாக்ஷன்" என்போம். முழங்கைக்குப் பின்னால் உல்நார் நரம்பு தடித்து, தொட்டால் துடிப்பார்கள். சிலருக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் மடங்கிவிடும். கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் அந்த நேரத்தில் நரம்பைக் காப்பாற்றுவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. தாமதமானால் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூரில் 1940களின் கடைசியில் தொடங்கிவைத்த தசைநாண் மாற்று அறுவைசிகிச்சைக்குத்தான் போகணும்.

காது கிளிப் பற்றி எனக்குத் தெரியாது. கோமதி டீச்சர் வந்தால் சொல்வார்.

கோமதி டீச்சர்

வந்துவிட்டேன் சேகர். மலர், நான் பாளையங்கோட்டையில் நர்சிங் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். டாக்டர் அல்ல. மருந்து முடிவெல்லாம் உங்கள் டாக்டருடையது. இது ஏன் நடக்கிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நீங்கள் கவனித்ததை 1962இல் இங்கிலாந்தில் தாம்சன், பைவாட்டர்ஸ் என்ற இருவர் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் தங்கிய முடக்குவாதம். டாக்டர் "உண்டும்மா" என்றது சும்மா இல்லை.

காரணத்துக்கு வருவோம். உங்கள் முன்கையில் நகத்தால் ஒரு கோடு அழுத்திக் கீறிப் பாருங்கள். முதலில் கோடு மட்டும் சிவக்கும். கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றி, நகம் படாத இடத்திலும் சிவப்பு படரும். சிலருக்குக் கோடு தடித்தும் எழும். லண்டனில் தாமஸ் லூயிஸ் 1920களில் இதை வரிசைப்படுத்தி எழுதிவைத்தார். வகுப்பில் பிள்ளைகள் கையிலேயே செய்து காட்டுவேன், ஒருத்தி விடாமல் கீறிப் பார்ப்பார்கள். நகம் படாத இடம் ஏன் சிவக்க வேண்டும்? அங்கேதான் விஷயம். வலி நரம்பின் நுனி தோலில் பல கிளையாகப் பிரிந்து கிடக்கும். ஒரு கிளையில் கிளம்பிய சேதி முதுகுத்தண்டுக்கு ஏறுகிற வழியிலேயே பக்கத்துக் கிளையிலும் திரும்பி இறங்கிவிடும், தெருக்குழாய்த் தண்ணீர் போகிற வழியில் பக்கத்து வீட்டுக்கும் பிரிகிற மாதிரி. இறங்கிய இடத்தில் நரம்பு நுனி சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற சரக்கைக் கக்கும். ரத்தக் குழாய் விரியும், நீர் கசியும், மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புசக்தி செல்கள், சிவப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை அவிழ்த்துவிடும். அதாவது வலியைச் சொல்லும் அதே நரம்பு வீக்கத்தையும் உண்டாக்குகிறது. நரம்பு செத்த தோலில் இந்தச் சுற்றுச் சிவப்பு வராது. சேகர் சொன்ன தொழுநோய்த் தேமலில் ஹிஸ்டமின் சொட்டு வைத்துக் குத்திப் பார்ப்பது அந்தக் காலத்தில் ஒரு பரிசோதனையாகவே இருந்தது.

மூட்டிலும் இதே கதை நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஜான் லெவின் குழு 1984இல் எலிகளில் காட்டியது: லேசான வாதம் உள்ள முழங்கால் மூட்டுக்குள் சப்ஸ்டன்ஸ் பி செலுத்தினால் வாதம் கடுமையாகிறது. முடக்குவாதம் ஏன் கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு கையிலும் ஒரே முட்டிகளைப் பிடிக்கிறது என்ற கேள்விக்கும் நரம்பைத்தான் பலர் சந்தேகப்படுகிறார்கள்.

ஆனால் இதோடு கதை முடிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஸ்ட்ரோக்கில் அடிபடுவது மூளை. கையில் இருக்கும் உணர்ச்சி நரம்பு அறுந்து போவதில்லை. அப்படியானால் நுனியில் சரக்கு கக்குவது ஏன் குறைய வேண்டும்? மேலிருந்து வரும் கட்டளை மாறுவது, ரத்தக் குழாயைப் பிடித்திருக்கும் சிம்பதெடிக் நரம்பின் இறுக்கம் மாறுவது, அசைவும் அழுத்தமும் இல்லாமல் போவது, எல்லாம் சேர்ந்து என்றுதான் தோன்றுகிறது. எனவே உங்கள் அக்கா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. வீங்கிய மூட்டுக்கு ஸ்பிளின்ட் கட்டி ஓய்வு கொடுத்தால் வீக்கம் வடிவதும் பழைய அனுபவம்தான். மாமாவின் ரத்த ஓட்டக் கணக்கை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இதற்காக வலது கையையும் அசைக்காமல் வைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு இப்போது உழைக்கிற கை அது ஒன்றுதான், வாக்கர் பாரமும் அதன் மேல்தான். தடித்த பிடி போட்ட கரண்டி, அகலமான கைப்பிடி, இப்படி முட்டிக்குச் சுமை குறைக்கிற வழியைப் பிசியோவிடம் கேளுங்கள்.

இப்போது காது கிளிப். இது சுத்தப் புருடா என்று தள்ள முடியாது, அதனால்தான் ஏமாறுவதும் எளிது.

வேகஸ் என்பது மூளையடியில் கிளம்பி இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் நரம்பு. 1990களின் கடைசியில் நியூயார்க் பக்கம் கெவின் டிரேசி குழு ஒரு வீக்கத் தடுப்பு மருந்தை எலியின் மூளைக்குள் துளியூண்டு செலுத்தியது. மூளையில் மட்டும் வேலை செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். உடம்பு முழுக்க டி.என்.எஃப். என்ற வீக்கப் புரதம் குறைந்தது. டி.என்.எஃப். யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், முடக்குவாதத்தில் மூட்டை அரிக்கும் முதல் குற்றவாளி, விலை உயர்ந்த ஊசிகள் தடுப்பது அதைத்தான். அவ்வளவு கொஞ்ச மருந்து ரத்தம் வழியே பரவி அதைச் செய்திருக்க முடியாது. வேகஸை வெட்டினால் அந்தப் பலன் போய்விட்டது. வேகஸுக்கு மின்சாரம் கொடுத்தால் டி.என்.எஃப். குறைவதை 2000இல் வெளியிட்டார்கள். பிறகு வழியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. மண்ணீரலுக்குப் போகும் நரம்பு நார்அட்ரினலின் விடும், அங்கே ஒரு வகை டி செல் அதை வாங்கி அசிடைல்கோலின் சுரக்கும், அது டி.என்.எஃப். சுரக்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் கையைக் கட்டிவிடும். நரம்பு செய்கிற வேலையை ஒரு ரத்த வெள்ளணு எடுத்துச் செய்கிறது. முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேகஸிலிருந்து மண்ணீரல் நரம்புக்குச் சேதி எந்த வழியாகப் போகிறது என்பதில் இன்னும் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் சண்டை ஓயவில்லை.

மனிதர்களிடம்? கழுத்தில் கீறி வேகஸ் மேல் பொருத்தும் ஒரு சின்னக் கருவிக்கு, மருந்து சரியாகக் கேட்காத முடக்குவாதக்காரர்களுக்காக, அமெரிக்காவில் மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஜூலையில் அனுமதி கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் தூண்டும். 242 பேரிடம் நடந்த சோதனையில் 12 வாரத்தில் ஓரளவு குணம் கண்டவர்கள் சுமார் 35 சதவீதம். கருவி பொருத்தியும் தூண்டாமல் வைத்தவர்களில் 24 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, அதிசயம் இல்லை.

காது வேறு கதை. காதுக்குள் வேகஸின் ஒரு கிளை வருவது உண்மை. பட்ஸ் போட்டுக் காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அது அந்தக் கிளைதான். அதைத் தூண்டினால் போதுமே என்று முடக்குவாதக்காரர்கள் 113 பேரிடம் முறையாகச் சோதித்தார்கள், பாதிப் பேருக்குப் போலித் தூண்டல். 2023இல் முடிவு வந்தது: போலிக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இல்லை. அது ஆய்வுக்கென்று செய்த கருவி. யூடியூப் கருவியின் மின்னோட்டம் எவ்வளவு, எந்த இடத்தில் படுகிறது என்று அந்த மனிதரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. வேகஸ் இதயத் துடிப்பையும் குறைக்கும் நரம்பு. ஸ்ட்ரோக் வந்த அம்மாவுக்கு டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. பதினெட்டாயிரத்தில் எத்தனை பிசியோ சிட்டிங் வரும் என்று தம்பியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரோக்கில் செயலிழந்த கைக்காகவும் வேகஸ் தூண்டல் உண்டு. 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் உள்ளே பொருத்துவதுதான், பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு அசைவோடும் சேர்த்துத் தூண்டுவார்கள். பயிற்சி இல்லாமல் அது ஒன்றும் செய்யாது.

சிங்கை ராஜா

டீச்சர் இவ்வளவு எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டார். மனசுதான் காரணம். எங்கள் அண்ணி தியானம் பழகி ஆறே மாதத்தில் மெதோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டார். மலர் அக்கா, அம்மாவுக்கு முதலில் டென்ஷனைக் குறையுங்கள், மாத்திரை தானாகக் குறையும்.

கோமதி டீச்சர்

ராஜா தம்பி, அண்ணி நன்றாக இருக்கட்டும். இந்த நோய் தானாக அடங்கிக் கிடக்கும் காலமும் உண்டு, எதனால் அடங்கியது என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. அடங்கிய மாதிரி இருக்கும்போதே எலும்பு அரிப்பதும் உண்டு. அண்ணியை வருஷம் ஒருமுறையாவது எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மனசுக்கும் எதிர்ப்புசக்திக்கும் தொடர்பே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ரோசெஸ்டரில் ராபர்ட் ஏடர் 1975இல் எலிக்குச் சாக்கரின் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, கூடவே எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தையும் ஊசி போட்டார். பிறகு வெறும் சாக்கரின் கொடுத்தபோதும் எலிகளின் எதிர்ப்புசக்தி குறைந்தது. நாக்கில் பட்ட இனிப்பை மூளை மருந்தாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதுவரை எதிர்ப்புசக்தி தன்பாட்டுக்கு இயங்கும் என்று நம்பியவர்கள் ஏடரைச் சுலபத்தில் விடவில்லை.

ஓஹையோவில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் வாய் அண்ணத்தில் 3.5 மி.மீ. சின்னக் காயம் செய்து பார்த்தார்கள். கோடை விடுமுறையில் ஒருமுறை, தேர்வுக்கு 3 நாள் முன்னால் ஒருமுறை. தேர்வுக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது. பதினோரு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதே வாய், அதே ஆள், எனக்கு அது பிடித்த ஆய்வு. வெளியான வருஷம் 1998.

அழுத்தம் வந்தால் மூளை அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்பும், கார்டிசால் என்ற ஹார்மோன் வரும், அது வீக்கத்தை அடக்கும். அப்படியானால் டென்ஷனில் மலர் அம்மாவின் மூட்டு வலி குறையத்தானே வேண்டும்? நாள்பட்ட அழுத்தத்தில் செல்கள் கார்டிசால் சொல்வதைக் கேட்காமல் போவது ஒரு காரணம். டென்ஷன் நாளில் தூக்கம் கெடுவது இன்னொன்று. மாத்திரை மறப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் அதை எண்ணுவதில்லை.

எதிர்த் திசையும் உண்டு, வீட்டில் அதைத்தான் யாரும் நம்புவதில்லை. டி.என்.எஃப்., அதைப் போன்ற இன்னொரு வீக்கப் புரதமான ஐ.எல்.-6 எல்லாம் மூளைக்குப் போய்ச் சேதி சொல்லும். காய்ச்சலில் யாரோடும் பேசப் பிடிக்காமல், சோறு இறங்காமல், போர்த்திக்கொண்டு படுக்கிறோமே, அது கிருமி செய்வதைவிட இந்தச் சேதி செய்வதுதான் அதிகம். முடக்குவாதக்காரருக்கு அது தினமும் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியில் எர்லாங்கனில் டி.என்.எஃப். தடுக்கும் மருந்து ஏற்றி மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒரே நாளில் மூளையின் வலிப் பகுதிகள் அடங்கின, மூட்டு வீக்கம் அப்படியே இருந்தது. 2011இல் வந்தது. ஆகவே, மலர், "அம்மா எப்பப் பார்த்தாலும் சிடுசிடுக்கிறாள், அதனால்தான் நோய் கூடுது" என்று யாராவது சொன்னால், நோய் கூடுவதால் சிடுசிடுக்கிறாளோ என்று திருப்பிக் கேளுங்கள்.

தியானம் செய்யட்டும், நல்லதுதான். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள் ராஜா.

பழனிக்காரன்

டீச்சர், இது சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. என் சித்தப்பாவை 1980களில் நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி போட்டார்களே, அதுதான். பாதியில் ரெண்டு காலும் மரத்து, சிறுநீர் கட்டிப் படுத்துவிட்டார். மாதக்கணக்கில் கிடந்து எழுந்தார், கடைசிவரை இழுத்துத்தான் நடந்தார். ஊசி போட்ட கம்பவுண்டர் நரம்பில் குத்திவிட்டார் என்று அப்பத்தா சாகும்வரை அவரைத் திட்டும். நீங்கள் இங்கே பேசுவதைப் படித்ததும் ஞாபகம் வந்தது.

கோமதி டீச்சர்

பழனி, நன்றாகவே சம்பந்தம் உண்டு. அந்தக் கம்பவுண்டர் பாவம். வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஊசி காலுக்குப் போகும் நரம்பை எட்டவே எட்டாது.

அந்த ஊசி செம்பிள் தடுப்பூசி. டேவிட் செம்பிள் என்ற ஆங்கிலேய மருத்துவர் கசௌலியில் 1911 வாக்கில் உருவாக்கியது. நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும் பல காலம் தயாரித்தார்கள். ரேபிஸ் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்து, அந்த மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்கச் செய்து ஊசியாக்குவார்கள். கிருமியோடு ஆட்டு மூளையும் உடம்புக்குள் போகும். அந்த மூளையில் மயலின் உண்டு. நரம்புக்கு மேலுறையாக இருக்கும் கொழுப்புப் பொருள். ஆட்டு மயலினும் நம் மயலினும் கிட்டத்தட்ட ஒன்று. தினம் தினம் அதை உள்ளே விட்டால் எதிர்ப்புசக்தி அதற்கும் ஆயுதம் தயாரிக்கும். பிறகு அந்த ஆயுதம் சொந்த முதுகுத்தண்டையே தேடிப் போகும். சித்தப்பாவுக்குக் கால் மரத்து, சிறுநீர் கட்டியதைக் கேட்டால் முதுகுத்தண்டு வீங்கிய மாதிரிதான் தெரிகிறது. தாய்லாந்தில் ஹேமசுதா குழு 1987இல் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் மயலின் புரதத்துக்கு எதிரான ஆயுதத்தை, அதாவது ஆன்டிபாடியைக் காட்டியது. இந்தத் தடுப்பூசி விபத்துகளைப் புரிந்துகொள்ளத்தான் தாமஸ் ரிவர்ஸ் 1933இல் குரங்குகளுக்கு மூளைச் சாற்றை ஊசி போட்டுப் பார்த்தார். அந்தக் குரங்குகளிடம் கண்ட நோய்தான், ஆள் மாறி எலிக்கு வந்து, எதிர்ப்புசக்தி மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோயின் ஆராய்ச்சிக்கு இன்றுவரை உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

நாய்க்கடிக்கு வேறு வழியில்லாத காலம் அது. ரேபிஸ் வந்தால் சாவு நிச்சயம், ஊசியில் விபத்து எப்போதாவது. போட்டதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல தடுப்பூசி வந்த பிறகும் நம் நாட்டில் 2004 வரை இழுத்ததுதான் கோபம் வருகிறது, ஏழைகளுக்கு மட்டும்தானே அது.

இதைப் படித்துவிட்டு யாரும் நாய்க்கடி ஊசிக்குப் பயப்பட வேண்டாம். இப்போது போடுவதில் மூளை இல்லை, செல்லில் வளர்த்தது, கையில் போடுவது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கடித்த இடத்தைச் சோப்பு போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஓடுங்கள்.

பழனிக்காரன்

அப்பத்தாவிடம் சொல்ல முடியாமல் போச்சு. அப்பாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கம்பவுண்டர் மகன் இப்போது பேருந்து நிலையம் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறான் என்றார். நன்றி டீச்சர்.

தேனி மலர்

எல்லாருக்கும் நன்றி. தம்பியிடம் 113 பேர் சோதனையைச் சொன்னேன், முகம் சுருங்கினாலும் ஆர்டரை நிறுத்திவிட்டான். சேகர் அண்ணா, கையைப் பிடித்துத்தான் இத்தனை நாளும் எழுப்பினோம், இனி மாட்டோம்.

டீச்சர், கடைசியாக ஒன்று. அம்மாவுக்குக் காலையில்தான் வலது கை ரொம்ப மோசம், டம்ளரைப் பிடிக்க முடியாது. பத்து மணிக்கு மேல் தானாக இளகுகிறது. இதற்கும் மூளைக்கும் தொடர்பா? அப்புறம் ஒரு வாரமாகச் சாப்பிடும்போது லேசாக இருமுகிறார்.

கோமதி டீச்சர்

காலை இறுக்கத்தைப் பிறகு சொல்கிறேன். இருமலை முதலில் பாருங்கள், அதுதான் அவசரம்.

ஸ்ட்ரோக்கில் விழுங்கும் தசை பலவீனமாகி, சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகலாம். அது பாதி ஆபத்து. மீதி நாம் பேசிக்கொண்டிருக்கிற விஷயம்தான். மூளையில் பெரிய அடி பட்டால் சிம்பதெடிக் நரம்பு ஓவராக வேலை செய்து எதிர்ப்புசக்தியை அமுக்கிவிடும். பெர்லினில் 2003இல் எலிகளில் பார்த்தார்கள்: ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நிமோனியா வந்தது, அந்த நரம்புச் சேதியைப் புரொப்ரனலால் என்ற மருந்து கொடுத்துத் தடுத்தபோது குறைந்தது. மனிதர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுக்கலாம் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. முதல் சில வாரங்களில்தான் இது அதிகம், அம்மா அதைத் தாண்டியிருப்பார். ஆனால் அவர் மெதோட்ரெக்ஸேட்டும் எடுக்கிறாரே, அதுவும் எதிர்ப்புசக்தியைத் தணிப்பதுதான். அதனால் இந்த வாரமே காட்டுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக, தண்ணீர் மாதிரி நீர்த்ததைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்கவிடாதீர்கள். காய்ச்சலோ மூச்சு வாங்கலோ வந்தால் நாளை என்று தள்ள வேண்டாம். காய்ச்சல் நாளில் அந்த வார மெதோட்ரெக்ஸேட் போடலாமா என்று போனிலாவது கேட்டுவிட்டுப் போடுங்கள். நிமோனியாத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள், இவருக்கு அவசியம்.

காலை இறுக்கம்: ஆமாம், மூளைக்குள் இருக்கும் கடிகாரம்தான். விடியற்காலையில் ஐ.எல்.-6 ஏறும். கார்டிசாலும் ஏறும், ஆனால் முடக்குவாதத்தில் வீக்கத்தின் அளவுக்கு அது ஈடுகொடுப்பதில்லை. பகல் ஏற ஏற ஐ.எல்.-6 இறங்கும், கையும் இளகும். இதை வைத்தே இரவு பத்து மணிக்கு விழுங்கி இரண்டு மணி வாக்கில் கரையும்படி ஒரு ஸ்டீராய்டு மாத்திரை செய்து, 2008இல் சோதித்தார்கள். காலை இறுக்க நேரம் குறைந்தது. நீங்களாக இப்போது கொடுக்கும் மாத்திரையை இரவுக்கு மாற்றிவிடாதீர்கள், சாதாரண மாத்திரை உடனே கரைந்து தூக்கத்தைக் கெடுக்கும். இறுக்கம் எத்தனை மணிக்கு விடுகிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். ஐந்து நிமிஷ ஓ.பி.யில் டாக்டருக்கு அதைவிட உபயோகமானது இல்லை.

வேலூர் சேகர்

விழுங்கும் பயிற்சிக்கு ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க வேண்டும் சகோதரி, பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று நினைத்துப் பலர் போவதில்லை. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஈ.என்.டி. பக்கம் விசாரியுங்கள்.